வாய் வெக்கல

கங்கம்மாவைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் வந்து என்னிடம் நியாயம் பேச வேண்டாம். ஆனால் அவளைப் பற்றி எழுத வேறு ஆளும் இல்லை. என் முதல் மூன்று ஆய்வுக் கட்டுரைகளிலும் இருப்பது அவள் கண்ணால் பார்த்தது. அவள் பெயர் அவற்றில் ஒன்றில்கூட இல்லை.

என் பெயர் ஜலஜா. மயிலாப்பூரில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, செடியில் சாறு குடிக்கும் பூச்சிகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வீட்டில் சின்ன வயசிலிருந்தே மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஆராய்ச்சி செய்ததும் மிளகாய்ச் செடியைத்தான் என்பதால் அந்தக் கேலி இன்னும் ஓயவில்லை.

கங்கம்மா பெசன்ட் நகர் கடற்கரை ஓரம், ஊரூர்க் குப்பத்துக்காரி. எட்டாம் வகுப்புவரை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். பதினைந்து வயதில் மீன்கூடை தலையில் ஏறியது. பெசன்ட் நகர், காந்தி நகர், இந்திரா நகர் என்று பத்தொன்பது வருஷம் தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். கல்யாணம் ஆயிற்று, புருஷன் ரங்கன் கடலுக்குப் போகிறவன், பிள்ளை இல்லை. கூடை மட்டும் இறங்கவில்லை. முப்பத்து நாலு வயதில் ஒருநாள் காலை எழுந்தவளுக்கு வலது கையில் விரல்கள் மடங்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு இரண்டு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, இனிமேல் தலையில் ஒரு செங்கல்கூட ஏற்றாதே, ஏற்றினால் அந்தக் கை விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் அவள் அடையாற்றில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பெருக்க வந்தாள். தினக்கூலி. ஆய்வுக்கூடத்தின் பெயர் வேண்டாம், வம்பு. "கூடைய எறக்கி வெச்சவம்மா நானு. செத்தாலும் திரும்ப ஏத்த மாட்டேன்," என்பாள். அந்த ஒரு வாக்கியத்தை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. அவளுக்கு அதுதான் உயிர் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பூச்சி அறை என்று ஒன்று எங்களிடம் உண்டு. எந்நேரமும் ஏசி ஓடும், அலமாரி முழுக்க வலைக் கூண்டுகள், கூண்டுக்குள் மிளகாய் நாற்று, நாற்றில் அசுவினி. அசுவினி என்பது புத்தகப் பெயர். விவசாயிகள் பேன் என்பார்கள், கங்கம்மாவும் பேன் என்றாள். கடுகில் பாதிகூட இருக்காது. ஆண் துணை வேண்டாம். பெண்ணே பெண்ணாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். பல் கிடையாது, தலைமுடியைவிட மெல்லிய ஒரு ஊசிதான் அதற்கு வாய். தூரத்திலிருந்து அதற்குத் தெரிவதெல்லாம் பச்சையும் மஞ்சளும், கூடக் கொஞ்சம் வாசனையும். இது நம் செடியா இல்லையா என்பது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். இறங்கும், நடக்கும், மீசையால் தட்டிப் பார்க்கும், பிறகு குத்தும். மேல்தோலில் துளி உறிஞ்சி ருசி பார்க்கும். இதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது. பிடித்திருந்தால் ஊசியை உள்ளே உள்ளே இறக்கி, செடிக்குள் சர்க்கரைச் சாறு ஓடும் குழாயைத் தேடிப் போகும். அரை மணி ஆகலாம், இரண்டு மணி ஆகலாம். குழாய் கிடைத்துவிட்டால் முதலில் எச்சிலைத் துப்பிவிட்டு அப்புறம் உட்கார்ந்து குடிக்கும், நாள்கணக்கில் எழுந்திருக்காது. பிடிக்காவிட்டால் ஊசியை உருவிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும்.

இதையெல்லாம் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டோம். கங்கம்மா பெருக்கும்போது பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் நான் ஒரு பூச்சியை ஒரு செடியிலிருந்து எடுத்து இன்னொரு செடியில் விட முயன்றுகொண்டிருந்தேன். ஈரத் தூரிகை நுனியால்தான் எடுக்க வேண்டும். எடுத்ததெல்லாம் செத்துக்கொண்டிருந்தது, எனக்கோ எரிச்சல் தலைக்கேறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து துடைப்பமும் கையுமாக ஒரு குரல்.

"குடிச்சிகினு கீறத்த இழுத்தா வாய் ஒடிஞ்சி பூடும்மா. முதுவுல லேசாத் தடவு. அதுவா வாய எடுக்கும், அப்பால தூக்கு."

"உன் வேலையைப் பார்," என்றேன். அவள் போன பிறகு தடவிப் பார்த்தேன். பூச்சி மீசையை ஆட்டியது, ஊசியை மெல்ல உருவியது, தூரிகைமேல் ஏறியது. சாகவில்லை. எங்கள் பேராசிரியர் கஸ்தூரிரங்கன் இது முழுவதையும் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்துவிட்டார். மறுவாரமே துடைப்பம் வேறு ஆள் கைக்குப் போயிற்று, கங்கம்மா பூச்சி அறைக்கு வந்துவிட்டாள். அதுவும் தினக்கூலிதான்.

இங்கே இரண்டு அசிங்கங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளை நான் 'நீ' என்றேன். அவளும் என்னை 'நீ' என்றாள். குப்பத்தில் பிரியமாகப் பேசுவதே அப்படித்தான். ஆனால் எனக்கு அதில் கோபம். நான் சொல்லலாம், அவள் சொல்லக் கூடாது, என்ன ஒரு நியாயம்!

இரண்டாவது டம்ளர். தண்ணீர் கேன் பக்கத்தில் எல்லோருக்குமாக நாலு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. எங்கள் வீட்டில் டம்ளரை உதட்டில் படவிட மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். "வாய் வெச்சுண்டு குடிக்காதேடி, எச்சில்! ஆத்துல இருக்கறவா எல்லாரும் குடிக்கற டம்ளர்," என்று அம்மா தினமும் கத்திக் கத்தி வளர்த்த உடம்பு இது. கங்கம்மா டம்ளரை உதட்டோடு பொருத்தி ஆற அமரக் குடித்தாள். மறுநாள் ராதாகிருஷ்ணன் சாலைக் கடையிலிருந்து பச்சை நிறத்தில் கைப்பிடி வைத்த ஒரு பிளாஸ்டிக் டம்ளர் வாங்கிவந்து, "கங்கம்மா, இது உனக்கு. சுத்தம் பாரு, லேப் இல்லையா," என்று கொடுத்தேன். அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரிம்மா," என்று வாங்கி ஆணியில் மாட்டிவைத்தாள். பத்து வருஷத்துக்கு மேல் அது அந்த ஆணியில் தொங்கியது.

தினக்கூலிக்காரர்களை நிரந்தரம் செய்ய எங்களிடம் ஒரு விதி உண்டு. பத்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், வயது நாற்பத்தைந்து தாண்டக் கூடாது. கங்கம்மாவின் கோப்பு நகர ஆரம்பித்தபோது அவளுக்கு நாற்பத்து நாலு. டிசம்பரில் நாற்பத்தைந்து நிறைகிறது. அதற்குள் உத்தரவு வந்தாக வேண்டும், வராவிட்டால் அவ்வளவுதான். நிரந்தரம் ஆனால் கழுத்தில் நீலப் பட்டையில் ஒரு அட்டை தொங்கும், போட்டோவும் பெயரும் போட்டது. அதுவரை அவளிடம் இருந்தது 'உதவியாள்' என்று மட்டும் எழுதிய ஒரு மஞ்சள் சீட்டு. "என் பேரு போட்ட அட்ட ஒண்ணு வந்துட்டா, அந்தக் கூடைய எட்த்துனு போய் கடல்ல வுட்டுடுவேன்," என்றாள். கூடை அதுவரை அவள் வீட்டுப் பரண்மேல் இருந்தது.

அந்த வருஷம்தான் என் மிளகாய் சோதனையும் நடந்தது. பல வருஷம் புராஜெக்ட் வேலையில் இருந்துவிட்டுத் தாமதமாகத்தான் நான் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். பேராசிரியர் ஒரு புது ரகம் வைத்திருந்தார், எண் நாற்பத்தேழு. அதில் அசுவினி தங்குவதில்லை என்று அவருக்கு ஒரு சந்தேகம். அதை நிரூபிப்பது என் ஆராய்ச்சி. ஒரு மேசையில் சாதாரண மிளகாய், இன்னொன்றில் நாற்பத்தேழு. ஒவ்வொரு இலையிலும் ஒரு பூச்சியை விட்டு, இரண்டு மணி நேரம் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பூச்சி மீசையை முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டு அசையாமல் நின்றால் குத்துகிறது என்று அர்த்தம். பின்புறம் தேன்போல ஒரு சொட்டு வந்தால் குடிக்கிறது என்று அர்த்தம். இது கங்கம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மொத்தம் நாற்பது நாள், எண்ணூறு பூச்சி. பார்க்க வேண்டியது நான். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? நோட்டில் கோடு போட்டு அவளிடம் கொடுத்தேன்.

"ஒவ்வொரு பூச்சியும் இலையில வாய் வெச்சுதா, வெக்கலையா. அதை மட்டும் எழுது."

"சரிம்மா," என்றாள்.

ஒரு வாரம் கழித்து வந்து நின்றாள். நான் போனில் இருந்தேன். மேற்கு மாம்பலத்திலிருந்து வந்த ஒரு ஜாதகத்தைப் பற்றி அம்மா நச்சரித்துக்கொண்டிருந்தாள், எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஜலஜாம்மா, நாப்பத்தேழுல இதுங்க குத்திக் குத்திப் பாத்துட்டு ஓடுதுங்க. அத்த இன்னான்னு எழுதறது?"

"உன்னை என்ன எழுதச் சொன்னேன்?"

"வாய் வெச்சுதா இல்லியான்னு."

"அதை எழுது. கதை எழுதாதே."

அவள் போய்விட்டாள். இந்த நாலு வரிதான் எல்லாம். இதற்கு மேல் ஒரு சதியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை.

எங்கள் வீட்டில் வாய் வைப்பது என்றால் படுவது. உதடு பட்டாலே வாய் வைத்ததுதான், எச்சில்தான். கங்கம்மா வீட்டில் வாய் வைப்பது என்றால் தின்பது. காய்ச்சல்காரப் பிள்ளை ஒரு கவளத்தைக் கடித்துத் துப்பிவிட்டுப் போனால் "சோத்துல வாயே வெக்கல" என்பார்கள். நான் கேட்டது என் தமிழில். அவள் எழுதியது அவள் தமிழில். இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஊர், நடுவில் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை.

நோட்டில் நாற்பத்தேழாம் எண் பக்கங்கள் முழுக்க, பென்சிலில், முத்து முத்தாக: வாய் வெக்கல. வாய் வெக்கல. வாய் வெக்கல. நான் அதை ஊசியே படவில்லை என்று புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் அப்படியே போட்டேன். கஸ்தூரிரங்கன் சார் படித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஜலஜா, தொடக்கூட மாட்டேங்கறதே! வாசனையிலயே ஓடிப்போயிடறதும்மா! இது சாதாரண விஷயமில்லே!"

கட்டுரை வெளிவந்தது. திருப்போரூர்ப் பக்கம் பதினாலு விவசாயிகளுக்கு நாற்பத்தேழு நாற்று கொடுத்தார்கள். அசுவினி இதைத் தொடாது, அசுவினி கொண்டுவரும் தேமல் நோயும் வராது என்று மேடை போட்டுச் சொன்னார்கள். நானும் மேடையில் இருந்தேன், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு.

மூன்றாம் மாதம் ஒருநாள் முற்பகல், புகழேந்தி என்று ஒருவர் ஈரச் சாக்கில் நாலு செடியைச் சுற்றி எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். பதினாலு பேரில் ஒருவர். சாக்கைப் பிரித்து மேசைமேல் போட்டார். இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல், சுருண்டு, சிறுத்து. ஒரு காய்கூட இல்லை.

"மூணு ஏக்கரும் இப்பிடித்தாங்க. பக்கத்துக் கொல்லையில பழைய ரகம், அதுல பாதியாவது காய்க்குது. இதுல பேனே இல்லீங்க. இலையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன், ஒண்ணுகூட ஒக்காரல. அப்பறம் நோவு மட்டும் எப்பிடீங்க வந்திச்சி?"

சார் ஏதோ மண், தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கங்கம்மா கூண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"ஒக்காராதுங்க. புடிக்காத செடி இது. குத்திப் பாக்கும், கசக்கும், அடுத்த செடிக்குப் பூடும். அங்கியும் குத்தும். ஒரு மணி நேரத்துல பத்து செடி குத்திரும். நல்ல செடியா இருந்தா ஒரே எடத்துல குந்திக்கினு கெடக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேமல் கிருமி அந்த ஊசியின் நுனியில்தான் ஒட்டிக்கொண்டு வரும். குடிக்கவே வேண்டாம், ஒரு குத்து போதும், அரை நிமிஷம் போதும். பிடித்த செடியில் பூச்சி உட்கார்ந்துவிட்டால் கெடுவது ஒரு செடி. பிடிக்காத செடியென்றால் ருசி பார்த்து ருசி பார்த்து வயல் முழுக்கக் கெடுத்துவிடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமி கிடையாது, அதனால் குத்தின செடி குத்தாத செடி இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. பட்டாலே எச்சில் என்று ஒரு பாவப்பட்டவளுக்குத் தனி டம்ளர் வாங்கிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, பூச்சி பட்டாலும் எச்சில்தான் என்பது தோன்றவில்லை.

சார் என்னைப் பார்த்தார். "என்னம்மா சொல்றா இவ? நோட்ல வேற மாதிரின்னா இருக்கு?"

விவசாயிகள் மனு கொடுத்தார்கள். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். புகழேந்தி செடியையெல்லாம் உழுதுபோட்டுவிட்டு, பெருங்குடியில் ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலைக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் சார் என்னைக் கூப்பிட்டார். "நோட்ல என்ன இருக்கோ அதை மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். உன் தீசிஸ் அடுத்த மாசம் போகணும். புரியறதா?" எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

அன்று சாயங்காலம் கங்கம்மா கைகழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அக்டோபர் கடைசி. அவள் கோப்பில் ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"அம்மா, நீ சொன்னதத்தானே எழுதினேன்? நாளைக்கு நீ சொல்லிடுவ இல்ல?"

"சொல்லிடறேன் கங்கம்மா," என்றேன். பாவி, வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் அவளை நிற்கவைத்துத்தான் கேட்டார்கள். எனக்கு நாற்காலி. குழுத்தலைவர் நோட்டைப் பிரித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான் சார்."

"பூச்சி இலையைக் குத்துச்சா, குத்தலையா?"

"குத்துச்சி சார். குத்திட்டு வுட்டுட்டுப் போச்சி."

"அப்ப ஏன் குத்தலைன்னு எழுதினீங்க?"

"குத்தலைன்னு நான் எங்க சார் எழுதினேன்? வாய் வெக்கலன்னுதான எழுதிக்கீறேன்?"

ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், "குத்தறது வாயாலதானேம்மா? வாய் வைக்காம எப்படிக் குத்தும்?" என்றார்.

"கொயந்த சோத்த வாயில போட்டுத் துப்பிட்டா, வாய் வெக்கலன்னுதான சார் சொல்லுவோம்? அம்மாவுக்குத் தெரியும். அவங்கள கேளு சார்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கங்கம்மாவும் திரும்பினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

"அவங்க எழுதினதைத்தான் சார் நான் இங்கிலீஷ்ல போட்டேன்," என்றேன்.

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எந்தக் கோர்ட்டிலும் நிற்கும். அவளை 'அவங்க' என்று நான் சொன்னதும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

அதற்கப்புறம் கங்கம்மா வாயைத் திறக்கவில்லை. 'கதை எழுதாதே' என்று நான் விரட்டியதைச் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடுவாளோ, சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்னாலும் யார் நம்பியிருப்பார்கள் என்று நினைத்திருப்பாள். இல்லை, என்னோடு பேசுவதே கேவலம் என்று தோன்றியிருக்கும்.

தவறான பதிவு என்று முடிவெழுதினார்கள். நிரந்தரக் கோப்பு மூடப்பட்டது, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வழக்கம்போல வேலை பார்த்தாள். வாடிய நாற்றிலிருந்து பூச்சிகளை ஒவ்வொன்றாக முதுகில் தடவி, அதுவாக வாயை எடுக்கும்வரை காத்திருந்து, புது நாற்றுக்கு மாற்றினாள். ஒரு பூச்சிக்குக் காட்டிய அந்தப் பொறுமையை அவளுக்கு ஒரு மனிதர்கூடக் காட்டவில்லை. சாயங்காலம் ஆணியிலிருந்து பச்சை டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனாள். நான் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன், எதையோ தேடுகிற மாதிரி.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அது போதாதென்று, 'பூச்சிக்குப் பிடிக்காத செடியில் நோய் வேகமாகப் பரவும்' என்று ஒரு புதுக் கட்டுரையும் எழுதினேன். ஹைதராபாதில் ஒரு மாநாட்டில் அதை வாசித்தபோது எழுந்து நின்று கை தட்டினார்கள். புகழேந்தியின் சாக்குக்கு முன்னால் நின்று கங்கம்மா சொன்ன ஐந்தாறு வாக்கியம்தான் அது. நான் ஆங்கிலத்தில் போட்டேன். எனக்கு அது கை வந்த கலை ஆயிற்றே.

மிக்ஜாம் புயல் வந்து போன மறுவருஷம், மே மாதம், ஊரூர்க் குப்பத்துக்குப் போனேன். ஏன் அவ்வளவு நாள் போகவில்லை என்று கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது. பெசன்ட் நகர் பஸ் டிப்போவிலிருந்து வெயிலில் நடந்து, விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. ரங்கன் எங்கேயோ போயிருந்தார்.

கங்கம்மா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பட்டை. வலது கை மடியில் கிடந்தது, அவளுடையதில்லை என்பதுபோல. கூடையைத் திரும்ப ஏற்றியிருக்கிறாள். எட்டு மாதம் தாங்கியிருக்கிறது, அப்புறம் டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது. எண்ணூறு பூச்சியைத் தூரிகை நுனியில், ஒன்றுக்குக்கூட வாய் ஒடியாமல் தூக்கிய கை. எனக்கு அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

"வா ஜலஜாம்மா. குந்து," என்றாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கங்கம்மா, நான்தான் தப்பு. நான்தான் கதை எழுதாதேன்னு சொன்னேன். அன்னிக்கு அதைச் சொல்லலை," என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போனது வேறு, வந்தது இவ்வளவுதான்.

"தெரியும்மா. நான் அங்கதான நின்னுகினு இருந்தேன்."

"புதுசா ஒரு கட்டுரை எழுதறேன். அதுல உங்க பேரைப் போட்டிருக்கேன்."

"பேரு போட்டா, அட்ட குடுப்பாங்களா?"

கொடுக்க மாட்டார்கள். வெளியே யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டு போனார்கள். வெயிலில் நடந்து வந்த எனக்கு இருமல் வந்தது. அவள் இடது கையை ஊன்றி எழுந்தாள். நான் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் குடத்தில் மொண்டு கொண்டுவந்து நீட்டினாள். அதே பச்சை டம்ளர். விளிம்பு வெளுத்துப் போயிருந்தது.

வாங்கி, அண்ணாந்து, மடமடவென்று குடித்தேன். ஒரு சொட்டு மிச்சமில்லை. கீழே வைக்கும்போதுதான் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. லென்ஸில் பூச்சியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"தண்ணி பூரா குடிச்சிட்ட," என்றாள். "ஆனா டம்ளர்ல வாய் வெக்கல. இத்த உன் நோட்டுல இன்னான்னும்மா எழுதுவ?"